ஹட்டனில் வரும் எரர் பிரேசிலிலும் வர வேண்டும்

"அடையாள அட்டை நம்பரிலிருந்து பிறந்த திகதியை எடுக்கிற புரோகிராம் ஒன்று எழுதினேன். சரியாக வேலை செய்யவில்லை. யாராவது உதவுங்கள் ப்ளீஸ். அவசரம்."

இலங்கையில் புரோகிராமிங் பழகும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே எழுதிப் பார்க்கும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்கள் பைதனில் எழுதுவார்கள், டிப்ளோமா வகுப்புக்குப் போகிறவர்கள் ஜாவாவில் எழுதுவார்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கிருந்து வேண்டுமானாலும் இப்படியொரு கேள்வி வரலாம். வட்ஸ்அப் குழுக்களில் இதே சாயலில் தினமும் ஏதோவொன்று வந்து விழத்தான் செய்கிறது. பெரும்பாலும் பதில் வராது. வந்தால் "கோடை அனுப்புங்க", அதாவது எழுதிய புரோகிராம் வரிகளை அனுப்புங்கள், என்ற ஒற்றை வரி வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

பதில் வராததற்கு நம் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் இரண்டு. முதலாவது இங்கிலீஷ். தோட்டப் பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்து வந்தவருக்கு, உலகமே பார்க்கும் இடத்தில் நாலு வரி இங்கிலீஷ் எழுதுவதென்றால் கை நடுங்கும். இரண்டாவது, "என் கேள்வி ரொம்பச் சின்னது, அதனால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை" என்ற எண்ணம். இரண்டுமே பெரிய காரணங்கள் இல்லை என்பது என் கணிப்பு. இலக்கணம் தட்டுத் தடுமாறும் கேள்விகளுக்கு, புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற இணையத்தளத்தில் நாள்தோறும் பதில் கிடைத்து வந்திருக்கிறது. சின்னக் கேள்வி என்பதும் தடை இல்லை. அந்தத் தளத்தில் மிக அதிகமானோர் தேடி வந்து படித்த கேள்விகளில் ஒன்று, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் கடைசியாகச் செய்த கமிட்டை (பதிவை) எப்படித் திரும்பப் பெறுவது என்பது. 2009இல் கேட்கப்பட்ட அந்த அரிச்சுவடிக் கேள்வியை இன்றும் ஆட்கள் தேடிப் போகிறார்கள்.

பதில் வருவதையும் வராததையும் தீர்மானிப்பது வேறொன்று. கேள்வியைப் படிக்கிறவர், எழுந்து போகாமல், உங்களிடம் திருப்பிக் கேட்காமல், அதே எரரைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அவருக்குக் கை சும்மா இராது, தோண்டிப் பார்த்துவிடுவார். முடியாவிட்டால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கோடை எழுத்தாகக் கொடு, எரரை அப்படியே கொடு, பதிப்பு எண்ணைச் சொல் என்று எங்கு போனாலும் சொல்லும் விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

பதில் சொல்பவர் யார்

அவர் சம்பளத்துக்கு இருப்பவர் இல்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோவிலோ சென்னையிலோ ஓர் அலுவலகத்தில் தன் வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கும் ஐந்து நிமிடத்தில் கேள்விகளைப் புரட்டுகிறவர். ஜெஃப் ஆட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் 2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியபோது, அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கென்றே அதை அமைத்தார்கள். நல்ல பதிலுக்குப் புள்ளி, மோசமான கேள்விக்குக் கழித்தல் வாக்கு, ஏற்கெனவே கேட்டதைக் கேட்டால் மூடிவிட்டுப் பழைய கேள்விக்கு வழிகாட்டல். கேட்கிறவர் ஒருவருக்கு உதவுவது அங்கே பாதி நோக்கம்தான். மீதிப் பாதி, நாளை அதே சிக்கலோடு கூகுளில் தேடி வரப்போகும் ஆயிரம் பேருக்கு ஒரு பக்கத்தை உருவாக்கி வைப்பது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகிறவர் காயப்பட்டுத்தான் திரும்புவார். "உங்கள் கேள்வி மூடப்பட்டது" என்ற அறிவிப்பை, வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தி வைத்ததுபோல எடுத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அவர்கள் மீது மட்டும் குறை சொல்ல முடியாது. புதியவர்களை வரவேற்கும் விதத்தில் தாங்கள் நடந்துகொள்வதில்லை என்று 2018இல் அந்தத் தளத்தின் நிர்வாகமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆனால் மூடப்பட்ட கேள்வி அழிக்கப்பட்ட கேள்வி இல்லை. திருத்தி எழுதினால் மறுபடி திறப்பதற்கான ஏற்பாடு அங்கே இருக்கிறது. நம்மவர்களில் அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

அந்த அடையாள அட்டைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்

2016 முதல் வழங்கப்படும் புதிய அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். புரோகிராம் எழுதுகிறவருக்கு இதுவே போதும் என்று தோன்றும். முதல் நான்கை ஆண்டாக எடு, அடுத்த மூன்றை நாள் எண்ணாக எடு, 500க்கு மேல் இருந்தால் 500ஐக் கழி, அந்த ஆண்டின் ஜனவரி முதலாம் திகதியோடு நாள் எண்ணில் ஒன்று குறைத்துக் கூட்டு. திகதி வந்துவிடும்.

சிலருக்குச் சரியாக வருகிறது. சிலருக்கு ஒரு நாள் தள்ளி வருகிறது. இங்கேதான் மாணவர் "சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதி அனுப்புகிறார்.

படிக்கிறவருக்கு அந்த வரியில் என்ன தெரியும்? புரோகிராம் நின்றுவிட்டதா, தவறான விடை தருகிறதா, எரர் ஏதும் காட்டுகிறதா, ஒன்றும் தெரியாது. பிரேசில்காரருக்கு இலங்கை அடையாள அட்டை என்றால் என்னவென்றே தெரியாது. அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் ஐந்தாறு இருக்கின்றன, அவரிடம் இருப்பதோ ஐந்து நிமிடம்.

அதே கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள். அடையாள அட்டை பற்றிய விளக்கமெல்லாம் வேண்டாம். "என்னிடம் ஓர் ஆண்டும் ஒரு நாள் எண்ணும் இருக்கின்றன. பைதன் 3.12இல் அவற்றைத் திகதியாக மாற்றுகிறேன். 2000, 61 என்று கொடுத்தால் மார்ச் 1 வருகிறது, அது சரி. 1999, 61 என்று கொடுத்தால் மார்ச் 2 வருகிறது, ஆனால் எனக்குக் கிடைத்த ஆவணத்தில் மார்ச் 1 என்று இருக்கிறது. 1999, 40 என்று கொடுத்தால் பெப்ரவரி 9, அதுவும் சரி. கோட் கீழே." கீழே நான்கு வரிக் கோட். அவ்வளவுதான்.

இதைப் பார்த்தவுடன் புரோகிராமிங் தெரிந்த எவருக்கும் பொறி தட்டும். பிழை பெப்ரவரிக்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் லீப் வருடம் இல்லாத ஆண்டில். அப்படியென்றால் அந்த நாள் எண்ணைப் போட்டவர்கள் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்து எண்ணியிருக்கிறார்கள். உண்மையும் அதுதான். நம் அடையாள அட்டையில் மார்ச் 1 என்பது எந்த ஆண்டிலும் 61ஆவது நாள். பைதனோ நாட்காட்டிப்படி ஒழுங்காக எண்ணுகிறது. 1999இல் அதற்கு 61ஆவது நாள் மார்ச் 2.

இதில் கவனிக்க வேண்டியது, கேள்வியைத் திருத்தி எழுதுவதற்காக மாணவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான். தன் அட்டை, தம்பியின் அட்டை, அம்மாவின் அட்டை என்று நாலைந்தைப் போட்டுப் பார்த்து, எது சரி, எது பிழை என்று பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கக் கோடிலிருந்து பெயரைக் கேட்கும் பகுதி, கலர் போட்ட பகுதி, ஃபைலில் எழுதும் பகுதி எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, பிழை இன்னும் வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வெட்டும் வேலையில் பாதியிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடுகிறது. கேள்வியை அனுப்பும் தேவையே இல்லாமல் போகிறது. வெளிநாட்டுப் புரோகிராமர்கள் மேசையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து அதனிடம் கோடை வரி வரியாக விளக்கும் பழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் சூட்சுமம் இதேதான். வாத்து இல்லாதவர்களுக்கு வீட்டில் ஒரு தங்கச்சி போதும், கொஞ்சம் பொறுமையுள்ளவளாக இருந்தால்.

இன்னொரு வகையிலும் இந்தக் கேள்வி கெட்டுப்போகும். ஒரு நாள் தள்ளி வருவதைப் பார்த்த மாணவர், தானே ஒரு வைத்தியத்தை முடிவு செய்துகொண்டு, "பைதனில் ஒரு திகதியிலிருந்து ஒரு நாளைக் கழிப்பது எப்படி?" என்று மட்டும் கேட்கலாம். இதற்குப் பதில் இரண்டே நிமிடத்தில் வந்துவிடும். அதைக் கொண்டுபோய்ப் போட்டால் 1999 மார்ச்சில் பிறந்தவர் சரியாகிவிடுவார், 2000த்தில் பிறந்தவரும் ஜனவரியில் பிறந்தவரும் பிழையாகிவிடுவார்கள். பதில் சொன்னவர் மீது குற்றமில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். புரோகிராமர்கள் இதை எக்ஸ்-வை பிரச்சினை என்பார்கள். எக்ஸ் என்ற சிக்கலைத் தீர்க்க வை என்ற வழியைத் தானே நினைத்துக்கொண்டு, எக்ஸைச் சொல்லாமல் வையைப் பற்றி மட்டும் கேட்பது. உண்மையில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் இது தடைபடும். "அடையாள இலக்கத்திலிருந்து பிறந்த திகதி எடுக்கிறேன், சிலருக்கு மட்டும் ஒரு நாள் கூடுகிறது, அதனால் கழிக்கப் பார்க்கிறேன்" என்று எழுதினால், "எந்தச் சிலருக்கு?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

சரி, இந்தக் கேள்வியை எங்கே கேட்பது? 61ஆவது நாள் எப்போதும் மார்ச் 1 என்பது பைதன் பற்றிய அறிவு இல்லை, இலங்கை பற்றிய அறிவு. பிரேசில்காரர் அதிகபட்சம், "உன் கோட் சரி, உன் எண்முறைதான் வேறு மாதிரி இருக்கிறது" என்று சொல்லலாம். பேராதனையிலோ பதுளையிலோ படிக்கும் ஒரு மாணவர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் கேட்டால் "பெப்ரவரிக்கு 29 போடுங்க" என்று கையோடு வரும். தோட்டச் சம்பளக் கணக்குக்குப் புரோகிராம் எழுதுகிறவருக்கும் இதேதான். செக்ரோல் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேடு) என்றால் என்ன, கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) எப்படி விழுகிறது என்பதெல்லாம் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கலிஃபோர்னியாக்காரருக்குத் தெரியாது. உள்ளூர் விதியை உள்ளூரில் கேட்டுத் தெளிந்துகொண்டு, மிஞ்சும் கணினிச் சிக்கலை மட்டும் வெளியே கொண்டு போவது நல்லது. இரண்டையும் குழப்பிக் கேட்டால் இரு பக்கமும் கைவிரிப்பார்கள்.

படத்தில் தெரியாத பிழை

கோடைப் படமாக அனுப்பாதீர்கள் என்று எத்தனை பேர் சொன்னாலும் படம்தான் வருகிறது. அதுவும் ஸ்கிரீன்ஷொட்கூட இல்லை. லெப்டொப் திரையைப் போனில் எடுத்த படம், மேலே டியூப்லைட் வெளிச்சம், ஓரத்தில் பாதி வரி வெட்டுப்பட்டு. ஏன் இப்படி என்பதும் புரிகிறது. டேட்டா போனில் இருக்கிறது, கோட் லெப்டொப்பில் இருக்கிறது, பக்கேஜ் முடியும் நேரத்தில் ஹொட்ஸ்பொட் போட மனம் வராது. ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர் அதிலிருந்து கோடைத் தன் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். யார் செய்வார்கள்?

தட்டச்சு செய்கிற சிரமம் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழில் வேலை செய்கிற புரோகிராம்களில் படம் ஒன்றையுமே காட்டாத பிழைகள் உண்டு. ஒரு பட்டியலில் "கொழுந்து" என்ற சொல்லைத் தேடுகிறீர்கள். பட்டியலில் அது கண்முன்னே இருக்கிறது. புரோகிராம் இல்லை என்கிறது. படம் பிடித்து அனுப்பினால் பார்ப்பவருக்கும் இரண்டு சொல்லும் அச்சாக ஒன்றுபோலத்தான் தெரியும்.

உள்ளே நடப்பது இதுதான். உலக எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின்னால் ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக வரலாம். அல்லது முன்னால் நிற்கும் ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடாகவும், பின்னால் நிற்கும் கால் இன்னொரு குறியீடாகவும் பிரிந்து வரலாம். திரையில் இரண்டும் ஒன்று. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் பைதனிடம் இரண்டு சொற்களும் சமமா என்று சும்மா கேட்டால், இல்லை என்றுதான் சொல்லும். நீளத்தைக் கேட்டால் ஒன்றுக்கு 8 என்கும், மற்றதற்கு 9 என்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது, அதற்குப் பைதனிலேயே வசதி இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் வர வேண்டுமென்றால் அந்த இரண்டு சொற்களையும் கொப்பி பண்ணி எழுத்தாகப் போட வேண்டும். அல்லது பைதனின் ஆஸ்கி என்ற ஃபங்ஷனுக்குள் கொடுத்து, உள்ளே இருக்கும் குறியீடுகளை எண்களாக எடுத்துப் போட வேண்டும். தமிழே தெரியாதவர்கூட அந்த எண்களைப் பார்த்து விடை சொல்லிவிடுவார்.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபொண்டில் தட்டச்சு செய்த ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதே கதை. இலங்கையில் பல ஆண்டுகளாக அலுவலகங்களும் பாடசாலைகளும் அச்சகங்களும் பாமினியில்தான் தட்டச்சு செய்துவந்தன. அந்த ஃபொண்டில் சேமிக்கப்படுவது உண்மையில் இங்கிலீஷ் எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. படத்தில் அழகான தமிழ் தெரியும். புரோகிராமுக்கு உள்ளே போவது சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும். "தமிழ் எழுத்தை வாசிக்க மாட்டேன் என்கிறது" என்று படத்தோடு கேட்டால் கேள்வியைப் படிக்கிறவர் யூனிகோட் சிக்கல் என்று நினைத்துக்கொண்டு எங்கெங்கோ அலைவார்.

எரர் செய்தியும் அப்படியே எழுத்தாக வர வேண்டும். "ஏதோ வேல்யூ எரர் என்று வருகிறது" என்பது போதாது. பைதன் காட்டும் எரரில் கடைசி வரிதான் என்ன நடந்தது என்று சொல்லும், அதற்கு மேலே உள்ள வரிகள் எங்கே நடந்தது என்று சொல்லும். இரண்டும் தேவை. சிலர் நல்ல எண்ணத்தில் எரரைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். அதைக் கூகுளில் போட்டுத் தேடவும் முடியாது, எந்த எரர் என்று ஊகிக்கவும் முடியாது.

வட்ஸ்அப்பில் கோடை ஒட்டும்போது ஒரு சின்ன நுணுக்கம். நட்சத்திரக் குறிக்கு நடுவே இருப்பதைத் தடித்த எழுத்தாகவும், அடிக்கோடுகளுக்கு நடுவே இருப்பதைச் சாய்ந்த எழுத்தாகவும் அது மாற்றிவிடும். பெருக்கல் குறி காணாமல் போன கோட் இப்படித்தான் பிறக்கிறது. கோடுக்கு முன்னும் பின்னும் சாய்வான ஒற்றைக் குறியை (`) மூன்று தடவை தட்டினால் உள்ளதை உள்ளபடி விட்டுவிடும். லெப்டொப்பில் வட்ஸ்அப் வெப் திறந்து வைத்துக்கொண்டால் படம் எடுக்கிற வேலையும் மிச்சம்.

"அண்ணே, பைதன் தெரியுமா?"

உள்ளூர்க் குழுக்களில் அடிக்கடி நடக்கும் ஓர் உரையாடல் இப்படிப் போகும்.

"அண்ணே, பைதன் தெரியுமா?"

"தெரியும் தம்பி, சொல்லுங்க."

"ஒரு டவுட் இருக்கு அண்ணே."

"கேளுங்க."

"எழுத ஏலாது அண்ணே, பெரிசு. கோல் எடுக்கவா?"

அண்ணன் இதோடு காணாமல் போய்விடுவார். மரியாதைக் குறைவாக யாரும் எதுவும் செய்யவில்லை. நேரே விஷயத்துக்குப் போவது நம்மிடையே மரியாதை இல்லை, முதலில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஆனால் எழுத்தில் இது நேர்மாறாக வேலை செய்கிறது. "தெரியும்" என்று சொல்லும்போதே அண்ணன் இன்னும் காணாத ஒரு சிக்கலுக்குப் பொறுப்பேற்கிறார். ஓரளவு தெரிந்தவர்கள், கேள்வியைப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பவர்கள், இந்த முதல் வரியைப் பார்த்தே ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் செய்தியிலேயே முழுக் கேள்வியையும் போட்டுவிட்டு, "அண்ணே, நேரம் இருக்கும்போது பாருங்க" என்று முடித்தால் மரியாதைக்கும் குறைவில்லை.

இன்பொக்ஸில் தனியாகக் கேட்பதும் இந்த வகைதான். குழுவில் கேட்கக் கூச்சம் என்பது புரிகிறது. ஆனால் குழுவில் இருநூறு பேரில் யாராவது ஒருவர் விழித்திருப்பார், இன்பொக்ஸில் ஒரே ஒருவர்தான். அவர் சொல்லும் பதில் பிழை என்றால் திருத்தவும் ஆளில்லை.

"அவசரம்", "நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும்" என்ற சொற்கள் எங்குமே எடுபடுவதில்லை. அசைன்மென்ட் என்று தெரிந்தால் முழு விடையும் தர மாட்டார்கள். ஆனால் இதுவரை நீங்கள் எழுதியதைக் காட்டி, எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொன்னால் உதவத் தயங்குவதும் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் "ஹலோ சேர்", "முன்கூட்டியே நன்றி" போன்றவற்றை எழுதினால் வேறொருவர் வந்து வெட்டிவிட்டுப் போவார். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே வழக்கமே அப்படி. நன்றியை அங்கே வாக்காகப் போட வேண்டும்.

இனி இங்கிலீஷ். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்த்துக்கீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தனித் தளங்கள் இருக்கின்றன. தமிழுக்கு இல்லை. பிரதான தளத்தில் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். ஆனால் மேலே சொன்ன மாதிரி எழுதிய கேள்வியில் இங்கிலீஷுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். இதைக் கொடுத்தேன், இதை எதிர்பார்த்தேன், இது வந்தது. மூன்று வாக்கியம். மீதியெல்லாம் கோடும் எண்ணும் எரரும், அவை ஏற்கெனவே கணினி எழுதிக் கொடுத்தவை. கேள்வி எவ்வளவு துல்லியமாகிறதோ அவ்வளவு மொழி குறைகிறது. இங்கிலீஷ் வராது என்று தயங்குகிறவர்கள்தான் இந்த முறையை முதலில் பழக வேண்டியவர்கள். தமிழில் எழுதி இயந்திர மொழிபெயர்ப்பில் போடுவதிலும் தப்பில்லை, கோடையும் எரரையும் அதற்குள் போடாமல் தனியே வைத்தால் சரி.

தலைப்பையும் கொஞ்சம் யோசித்து வைக்கலாம். "பைதன் உதவி தேவை" என்ற தலைப்பை யாரும் திறப்பதில்லை. "லீப் வருடமில்லாத ஆண்டில் நாள் எண்ணைத் திகதியாக மாற்றினால் ஒரு நாள் கூடுகிறது" என்ற தலைப்பைத் திகதிக் கணக்குத் தெரிந்தவர் தாண்டிப் போக மாட்டார்.

எந்நேரத்தில் கேட்பது என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே இரவு 8 மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, நியூயோர்க்கில் காலை 9.30. இரு பக்கமும் ஆள் விழித்திருக்கும். காலையில் கேட்டால் இந்தியாக்காரர்கள் பார்ப்பார்கள், நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம்தான். கேள்வி நன்றாக இருந்தால் நேரம் பெரிய விஷயமில்லை, ஆனால் கேட்டுவிட்டு லெப்டொப்பை மூடித் தூங்கப் போவதுதான் கூடாது. முதல் அரை மணி நேரத்தில் யாராவது ஏதாவது திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல அங்கே நீங்கள் இருக்க வேண்டும்.

எதைப் போடக் கூடாது

மாதிரிக்கென்று உண்மையான அடையாள அட்டை இலக்கங்களைப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் அந்த இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுப்பதற்குத்தானே இந்தப் புரோகிராமே! நம் சமூகத்துக்கு அந்த அட்டை சும்மா வந்த ஒன்றும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். அப்படி வந்த இலக்கத்தை, அதுவும் அம்மாவினுடையதை, உலகம் பார்க்கும் பக்கத்தில் ஒட்டுவானேன்? சோதனைக்கு முதல் ஏழு இலக்கமே போதும், 1999061 என்று கற்பனையாகப் போட்டுக்கொள்ளலாம். தோட்ட அலுவலகத்துக்கோ கடைக்கோ புரோகிராம் எழுதுகிறவர்கள் உண்மையான பெயரையும் ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் போன் நம்பரையும் கேள்வியில் வைக்கவே கூடாது. பாஸ்வேர்டும் அப்படித்தான். கேள்வியைப் பிறகு திருத்தினாலும் பழைய பதிப்பு பல தளங்களில் அப்படியே நிற்கும். போய்விட்டது என்று தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றுவதே வழி.

இதெல்லாம் ஏன், சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஆயிற்று என்று இன்று எவரும் சொல்வார். 2022 நவம்பர் 30 அன்று அது வெளிவந்தது. சில நாட்களிலேயே, அது எழுதும் பதில்கள் பார்வைக்குச் சரிபோலத் தோன்றினாலும் அடிக்கடி பிழையாக இருக்கின்றன என்று சொல்லி, அவற்றைத் தன் தளத்தில் இடுவதை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை செய்தது. அதற்குப் பின் அங்கே வரும் கேள்விகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்தான். தமிழில் கேட்கலாம், நள்ளிரவில் கேட்கலாம், யாரும் மூட மாட்டார்கள், கழித்தல் வாக்குப் போட மாட்டார்கள். ஆனால் "சரியாக வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் மனிதர் "கோடை அனுப்புங்க" என்று கேட்பார். இயந்திரம் பல நேரங்களில் கேட்காமல் தானாக ஊகித்துக்கொண்டு ஏதோவொரு விடையை நம்பிக்கையோடு நீட்டிவிடும். 2000, 61 சரி, 1999, 61 பிழை, 1999, 40 சரி என்ற மூன்று வரியையும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், விடையின் தரமே வேறாக இருக்கும். பதில் சொல்வது யாராக இருந்தாலும் தேவைப்படும் தகவல் ஒன்றுதான்.

பதில் வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. "ஓகே அண்ணே, சரி வந்திருச்சு" என்று எழுதிவிட்டு மறைந்துபோவது நம் குழுக்களில் சகஜம். ஆறு மாதம் கழித்து இதே அடையாள அட்டைக் கணக்கில் மாட்டிக்கொண்டு பழைய செய்திகளைத் தேடி வரும் இன்னொருவருக்குக் கேள்வி கிடைக்கும், சரியாகிவிட்டது என்பதும் கிடைக்கும், எப்படிச் சரியானது என்பது மட்டும் கிடைக்காது. எந்த வரியை மாற்றினீர்கள், என்னவாக மாற்றினீர்கள் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். யாரும் பதில் சொல்லாமல் நீங்களே கண்டுபிடித்திருந்தாலும் உங்கள் கேள்விக்குக் கீழே உங்கள் பதிலை நீங்களே எழுதலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதற்குத் தடை இல்லை, எழுதச் சொல்லி ஊக்குவிக்கவும் செய்கிறார்கள்.